பாடகருக்குப் பின்னால் ஓர் இடம்

மார்கழி மாதத்தில் சென்னையின் சபாக்களுக்குக் கச்சேரி கேட்கச் செல்வோர் அனைவரும் காணும் காட்சி ஒன்று உண்டு. மேடையின் நடுவே பாடகர். ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். பாடகருக்குச் சற்றுப் பின்னால், ஒளி குறைவாக விழும் இடத்தில், தம்புராவை மீட்டியபடி ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ அமர்ந்திருப்பார். பெரும்பாலும் அவர் பாடகரின் சீடராக இருப்பார். விளம்பரத் தட்டியில் அவருடைய பெயர் இருக்காது. குரு தலையசைத்தால் ஓரிரு வரிகளைச் சேர்ந்து பாடுவார். குரு மூச்சு வாங்கும் இடத்தில் குரல் கொடுத்து இடைவெளியை நிரப்புவார்.

அந்த இடத்தில் அமரும் சில ஆண்டுகளில் அவர் கற்றுக்கொள்பவை ஏராளம். தொண்டை ஒத்துழைக்காத நாளில் கச்சேரியை எவ்வாறு கரைசேர்ப்பது, திட்டமிட்டிருந்த கீர்த்தனையை விட்டுவிட்டு வேறொன்றை எப்போது எடுப்பது, ஓரிடத்தில் பிசகினால் அவையினர் அறியாமல் எப்படி மீள்வது, பக்கவாத்தியக்காரர்களுக்கு எங்கே வழிவிடுவது என்பனவெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றை அருகில் அமர்ந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. மோட்டார் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் அவர் உயர் பொறுப்பில் இருக்கிறார். 'கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்து ஆளாக்கினால் இரண்டு ஆண்டுகளில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். போட்டியாளருக்காக நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும், சார்?' என்று கேட்டார். அவருடைய குறை நியாயமானது. நம் நாட்டின் தொழில் நிறுவனங்கள் பலவும் பயிற்சிக்குச் செலவிடத் தயங்குவதற்கு இந்த அச்சமே முதற்காரணம்.

பொருளியலில் இது பழைய கேள்வி. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் குறித்த நூலில் இதற்கு விடை காண முயன்றார். 1992-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பயிற்சியை அவர் இரு வகையாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும் பயிற்சி ஒரு வகை. எங்கு சென்றாலும் பயன்படும் பயிற்சி மற்றொரு வகை. முதல் வகைக்கு நிறுவனம் செலவிடும். இரண்டாவது வகைக்குச் செலவிட நிறுவனத்துக்குக் காரணமில்லை. ஏனெனில் பயிற்சி பெற்றவர் மறுநாளே வேறிடத்தில் கூடுதல் ஊதியம் பெற்றுக்கொண்டு போய்விடலாம். ஆகவே அத்தகைய பயிற்சியின் செலவைக் குறைந்த ஊதியத்தின் வாயிலாகத் தொழிலாளரே ஏற்கிறார் என்பது பெக்கரின் முடிவு.

இந்தக் கோட்பாட்டின்படி பார்த்தால், கலை உலகில் பயிற்சியே நடந்திருக்கக் கூடாது. ஒரு ராகத்தை விரிவாக ஆலாபனை செய்யும் திறனைவிட, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க திறன் வேறென்ன இருக்கிறது? கற்ற சீடர் மறுநாளே எந்த ஊரிலும் மேடையேறலாம். குருவுக்கே போட்டியாகவும் வரலாம். ஆயினும் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்கள் கலைஞர்களை உருவாக்கியே வந்திருக்கிறார்கள். இது எவ்வாறு இயன்றது என்று ஆராய்வது தொழில் துறைத் தலைவர்களுக்குப் பயன்தரும்.

ஒரு பகுதி விடை, பெக்கர் சொன்னதேதான். கற்பவர் தம் உழைப்பால் கல்விக்கு ஈடு செலுத்தினார். இதற்குத் தமிழகத்தின் பாலர் நாடகக் குழுக்கள் சிறந்த சான்று. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து நடிப்புப் பயின்றது அங்கேதான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் வளர்ந்தார்கள். சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, பெண் வேடம் உள்பட பல வேடங்களைப் பூண்டு தேர்ந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். குழுவில் நடித்துப் பெயர் பெற்றார்.

உண்ண உணவும் தங்க இடமும் குழுவின் பொறுப்பு. நடிப்பும் பிற வேலைகளும் சிறுவர்களின் பொறுப்பு. இது கணக்குக்குச் சரியாக இருந்தது. ஆனால், அந்தக் குழுக்கள் திரைத் துறைக்கு அரை நூற்றாண்டுக் காலத்துக்கான நடிகர்களைத் தந்ததற்கு இந்தக் கணக்கு மட்டும் காரணமன்று. சிறுவன் முதல் நாளிலிருந்தே உண்மையான பார்வையாளர்களுக்கு முன் நின்றான். சிறு வேடத்தில் தொடங்கி, பிறர் வேடங்களையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, ஒருவருக்கு உடல் நலமில்லாத இரவில் அவருடைய இடத்தில் ஏறி நின்றான். பயிற்சியும் பணியும் அங்கே இரண்டாக இருக்கவில்லை.

விடையின் மற்றொரு பகுதியைப் பெக்கரின் நூலில் காண இயலாது. கர்நாடக இசைக் கலைஞர் எவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்கும்: இவர் இன்னாரிடம் பயின்றார். தியாகராஜரிடம் கற்ற மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவரிடம் கற்ற பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவரிடம் கற்ற பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், அவரிடம் கற்ற அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், அவரிடம் கற்ற கே.வி.நாராயணசுவாமி என்று ஒரு நீண்ட வரிசையை இசை ரசிகர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். இந்த வரிசையில் ஒருவர் பெற்ற புகழ் அவருக்கு முன்னிருந்தவரின் பெயரையும் வாழவைக்கிறது.

அதாவது, கலை உலகில் சீடர் வெளியேறித் தனியாகப் பெயர் பெறுவது குருவின் இழப்புக் கணக்கில் எழுதப்படுவதில்லை. வரவுக் கணக்கில் எழுதப்படுகிறது. செம்பை வைத்தியநாத பாகவதர் பெரிய பாடகர் என்பதோடு, இளையோரைக் கைதூக்கி விட்டவர் என்றும் இன்றளவும் போற்றப்படுகிறார். சிறுவனாக இருந்த பாலக்காடு மணி ஐயரைத் தம் பக்கத்தில் அமர்த்தி வாசிக்க வைத்தவர் அவர். யேசுதாஸுக்குக் கற்பித்தவரும் அவரே. அவருடைய பாட்டை நேரில் கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர் உருவாக்கிய கலைஞர்களின் பெயர்களோடு அவருடைய பெயரும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

நம் நிறுவனங்களில் இதற்கு நேர்மாறான கணக்கு நடக்கிறது. ஒரு மேலாளரிடம் பணி கற்ற ஐந்து பேர் ஐந்து நிறுவனங்களில் உயர் பதவிக்குச் சென்றால், அந்த மேலாளரின் பெயருக்கு எதிரே 'ஐந்து பேர் விலகல்' என்று பதிவாகிறது. அவருடைய குழு எவரையும் தக்கவைப்பதில்லை என்று மனிதவளத் துறை கவலைப்படுகிறது. அதே வேளையில், தமக்குக் கீழிருக்கும் திறமையாளரை வெளியே தெரியாமல் மறைத்து வைத்துக்கொள்ளும் மேலாளர் நல்ல பெயர் வாங்குகிறார். எதை அளக்கிறோமோ அதுவே வளரும். ஆளை உருவாக்குவதை நாம் அளப்பதே இல்லை.

கலையையும் வணிகத்தையும் எப்படி ஒப்பிட முடியும், கலைஞருக்குப் புகழ் போதும், முதலாளிக்கு லாபம் வேண்டாமா என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்காகவே, கலையும் வணிகமும் ஒன்றாகக் கலந்த ஒரு துறையைப் பார்ப்போம். தமிழ்த் திரைப்படத் துறை தர்மத்துக்கு நடப்பதன்று. கோடிக்கணக்கான பணம் புழங்கும் கடுமையான போட்டிக் களம் அது.

இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 1952-இல் மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பணிகளை முடித்தவர்கள் அவருடைய குழுவில் இருந்த எம்.எஸ்.விசுவநாதனும் டி.கே.இராமமூர்த்தியும். விசுவநாதனுக்கு உதவியாளராக இருந்தவர் ஜி.கே.வெங்கடேஷ். வெங்கடேஷிடம் கிடார் வாசிப்பவராகவும் உதவியாளராகவும் பணியாற்றிய இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமானார். இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர்.ரஹ்மான் 1992-இல் 'ரோஜா' வழியாக வந்தார். நாற்பது ஆண்டுகளில் தமிழ்த் திரையிசையின் போக்கை மாற்றியவர்கள் அநேகமாக ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கிறார்கள்.

இயக்குநர்களிடமும் இதே கதைதான். பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' 1977-இல் வெளிவந்தது. அதில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய கே.பாக்யராஜை, 1979-இல் 'புதிய வார்ப்புகள்' படத்தின் கதாநாயகனாகவே ஆக்கினார் பாரதிராஜா. அதே ஆண்டில் பாக்யராஜ் 'சுவரில்லாத சித்திரங்கள்' படத்தை இயக்கித் தனி வழி கண்டார். பாக்யராஜிடம் உதவியாளர்களாக இருந்த பாண்டியராஜன் 1985-இல் 'கன்னி ராசி' படத்தையும், பார்த்திபன் 1989-இல் 'புதிய பாதை' படத்தையும் இயக்கினார்கள். உதவி இயக்குநர் ஒருநாள் போட்டியாளராக வருவார் என்பது இயக்குநருக்குத் தெரியும். தெரிந்தும் கற்றுக்கொடுத்தார்கள்.

இதன் உட்பொருளை ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே விளக்கியிருக்கிறார். ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் நெருங்கி வாழும்போது தொழில் நுணுக்கங்கள் மறைபொருளாக இருப்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவி, எல்லோருடைய திறனையும் உயர்த்துகின்றன என்றார் அவர். கோடம்பாக்கம் அத்தகைய ஓர் இடம். ஒரு படத்தில் கற்ற ஒளிப்பதிவு உதவியாளர் அடுத்த படத்துக்குப் போகிறார். அங்கே கற்றவர் இங்கே வருகிறார். ஒருவர் இழப்பதைப் போலவே பெறவும் செய்கிறார். ஒட்டுமொத்தத்தில் இழப்பவர் எவருமில்லை.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் கோவையின் பம்பு உற்பத்தியும் வளர்ந்ததற்கும் இப்படிப்பட்ட ஆள் பரிமாற்றமே அடித்தளம். அமெரிக்காவில் அன்னலீ சாக்சேனியன் என்ற ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட நூலில், கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் நகரை ஒட்டிய தொழில் பகுதியையும் ஒப்பிட்டார். ஊழியர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் தாராளமாக மாறிய பள்ளத்தாக்கு முன்னேறியது. நிறுவனங்கள் மதில் எழுப்பிக்கொண்டு தனித்திருந்த பாஸ்டன் பகுதி பின்தங்கியது என்பது அவருடைய முடிவின் சாரம்.

பணியிலிருந்து விலகியவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தங்களை 1872-ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியாவின் சட்டம் செல்லாதவையாக்கியது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லா என்று கூறும் நம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவும் அதே 1872-ஆம் ஆண்டினதே. சட்டம் ஒன்றுபோல் இருந்தும், நம் நிறுவனங்கள் பல இன்னும் பிணைப் பத்திரங்களையும் சான்றிதழ் பிடித்து வைப்பதையும் நம்பியிருக்கின்றன. பத்திரத்தால் ஒருவரின் வருகைப் பதிவைப் பிடித்து வைக்கலாம். அக்கறையைப் பிடித்து வைக்க முடியாது.

ஆகவே, ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற என் மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்: எல்லோரும் கற்றுக்கொடுக்கும் ஊரில்தான் எவருக்கும் கற்றவர்கள் கிடைப்பார்கள். எவரும் விதைக்காத ஊரில் எல்லோரும் அறுவடைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த கேள்வி, எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது. அதிலும் கலை உலகம் சில வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, படிப்படியாக உயரும் மேடை. மார்கழி இசை விழாவில் சபாக்கள் காலத்தையே படிக்கட்டாக்கி வைத்திருக்கின்றன. நண்பகல் வேளையில் இளம் கலைஞர்கள் கட்டணமின்றிப் பாடுகிறார்கள். அதில் தேறியவர்கள் பிற்பகலுக்கும், பின்னர் மாலைக்கும் உயர்கிறார்கள். அகில இந்திய வானொலியும் கலைஞர்களை பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரநிலைப்படுத்துகிறது. நண்பகல் கச்சேரியில் தவறு நேர்ந்தால் பெரிய சேதமில்லை. ஆனால் மேடை உண்மையானது, கேட்பவர்கள் உண்மையானவர்கள். நிறுவனங்களிலோ புதியவருக்கு ஒன்று வகுப்பறைப் பயிற்சி கிடைக்கிறது, அல்லது முதல் நாளே முழுச் சுமையும் தலையில் விழுகிறது. இடைப்பட்ட நண்பகல் மேடை இருப்பதில்லை.

இரண்டாவது, தவற்றை அந்தக் கணத்திலேயே திருத்துவது. வர்ணம் பாடும் மாணவர் ஓர் இடத்தில் சுருதி விலகினால் ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார்; அந்த வரியை மட்டும் பத்து முறை பாடச் சொல்வார். ஆண்டு முடிவில் 'இவருடைய சுருதி சராசரிக்கும் கீழ்' என்று அறிக்கை எழுதுவதில்லை. நிறுவனங்களின் ஆண்டு மதிப்பீடு பெரும்பாலும் அத்தகைய அறிக்கையே. ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பவர்களைக் கழித்துக்கட்டும் முறை அமெரிக்க நிறுவனங்களிலிருந்து உலகெங்கும் பரவியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2013-இல் அந்த வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டது. உடன் பணிபுரிபவர் எதிரியாகும் இடத்தில் எவர் எவருக்குக் கற்றுக்கொடுப்பார்?

மூன்றாவது, பொறுமை. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1966-இல் நிகழ்த்து கலைகளின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நான்கு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய ஓர் இசைக் கோவைக்கோ இன்றும் அதே நான்கு பேரும் அதே நேரமும் வேண்டும் என்பது அவர்கள் சுட்டிய உண்மை. மனிதரை உருவாக்கும் வேலையும் அத்தகையதே. சரளி வரிசையைக் கடந்து கீர்த்தனைக்கு வர ஆகும் காலத்தை எந்த மென்பொருளும் பெரிதாகச் சுருக்கிவிடவில்லை. காலாண்டுக்கு ஒரு முறை லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இது கசப்பான செய்தி; ஆயினும் உண்மை.

நான்காவதை எனக்கு மிகவும் பிடித்த பாடம் என்பேன். கச்சேரியின் நடுவே தனி ஆவர்த்தனம் வரும். அதுவரை மேடையை ஆண்ட பாடகர் பாட்டை நிறுத்திக்கொள்கிறார். மிருதங்கக்காரர் தம் முழுத் திறமையையும் காட்டுகிறார். அவர் எவ்வளவு இளையவராக இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் அவருடையவை. அப்போது பாடகர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். அவர் எழுந்து போய்விடுவதில்லை. இடையில் புகுந்து தம் கருத்தைச் சொல்வதுமில்லை. தொடையில் தட்டித் தாளம் போட்டுக் கொடுக்கிறார்.

தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் மேலாண்மை நூல்களில் கண்டதில்லை. இளையவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, அவர் தடுமாறாதிருக்க அடிப்படைக் கணக்கைத் தாம் தாங்கிக்கொள்வது தலைவரின் வேலை. நம் அலுவலகங்களில் பொறுப்பைக் கொடுப்பவர்கள் தாளத்தைக் கொடுப்பதில்லை. தாளத்தைக் கொடுப்பவர்கள் பொறுப்பைக் கொடுப்பதில்லை. வாடிக்கையாளரிடம் பேசும் கூட்டத்துக்கு இளைய பொறியாளரை அழைத்துச் சென்று, அவரைப் பேச விட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கும் மேலாளர்கள் எத்தனை பேர்?

இவ்வளவும் சொன்ன பிறகு, கலை உலகைக் கோயிலாக்கிக் கும்பிடுவது நேர்மையாகாது. குருகுல முறையில் கற்பித்தலோடு சுரண்டலும் இருந்தது. சீடர்கள் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்தார்கள். குருவின் மனநிலைக்கேற்பக் கற்றார்கள் அல்லது கல்லாமல் திரும்பினார்கள். யார் கற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த காலமும் இருந்தது. பாலர் நாடகக் குழுக்களில் அடியும் பசியும் அனுபவித்த சிறுவர்களுள், புகழ் பெற்ற சிலரைத்தான் நாம் அறிவோம். மற்றவர்கள் பெயரின்றி மறைந்தார்கள். ஒருவரையே முற்றிலும் சார்ந்திருக்க வேண்டிய உறவில் அத்துமீறல்கள் நிகழக்கூடும் என்பதை இசை, நடன உலகில் அண்மை ஆண்டுகளில் எழுந்த புகார்களும் உணர்த்தின.

திரைத் துறையிலும் ஒருவர் இயக்குநராகும்போது, ஊதியம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமின்றிப் பல ஆண்டுகள் காத்திருந்து திரும்பிச் சென்றவர்கள் பலர். ஆகவே கலை உலகிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கற்பிக்கும் முறையை, அடிமைத்தனத்தை அன்று. இந்த இடத்தில் தொழில் துறைக்குச் சாதகமான அம்சங்கள் இருக்கின்றன. எழுத்துபூர்வமான ஒப்பந்தம், உரிய ஊதியம், வேலை நேரம், புகார்க் குழு, விலகும் உரிமை ஆகியவை கலை உலகம் தொழில் துறையிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை.

நம் நாட்டில் இதற்கான சட்டக் கட்டமைப்பும் புதிதன்று. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. உதவித்தொகையும் உண்டு. ஆனால் பழகுநர் என்ற பெயரில் சேர்பவர், பல இடங்களில் மலிவான கையாளாக மட்டுமே நடத்தப்படுகிறார். ஓராண்டு முழுவதும் ஒரே இயந்திரத்தில் ஒரே பொத்தானை அழுத்துபவர் எதைப் பழகுவார்? விதிக்காக எண்ணிக்கையை நிரப்புவது வேறு. பாடகருக்குப் பின்னால் இடம் கொடுப்பது வேறு.

இதை இப்போது அவசரமாகப் பேச வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்னணுத் தம்புரா வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. பின்னர் கைப்பேசிச் செயலி. சுருதி பிசகாது, களைப்படையாது, பயணச் செலவும் இல்லை. வேலையை மட்டும் கணக்கிட்டால் பின்னால் ஒருவர் அமர வேண்டிய தேவையே இல்லை. ஆயினும் பெரிய வித்வான்கள் பலர், பெட்டியை ஒலிக்க விட்டபடியே, பின்னால் ஒரு சீடரையும் அமர்த்திக்கொள்கிறார்கள். தம்புராவை மீட்டுவது அந்த இடத்தின் பணிகளுள் ஒன்றுதான், அடுத்த தலைமுறை உருவாவதும் அங்கேதான் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இன்று அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவு அந்தப் பெட்டியின் இடத்தில் வந்து நிற்கிறது. கணக்குச் சரிபார்த்தல், முதல் வரைவு எழுதுதல், எளிய நிரல்களை உருவாக்குதல், கோப்புகளைத் தேடித் தொகுத்தல் போன்ற தொடக்க நிலைப் பணிகளைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. இவை சலிப்பூட்டும் பணிகள்தாம். ஆனால் இளம் தணிக்கையாளரும் வழக்குரைஞரும் பொறியாளரும் தொழிலின் நெளிவுசுளிவுகளை அறிந்தது இப்பணிகளின் வழியேதான். தொடக்க நிலைப் பணியிடங்களை நீக்குவதால் இந்த ஆண்டின் செலவு குறையும். பத்து ஆண்டுகள் கழித்து, இயந்திரம் தரும் விடை சரியா தவறா என்று சொல்லத்தக்க அனுபவம் உள்ளவர் எங்கிருந்து வருவார்?

நிறுவனங்கள் உடனடியாகச் செய்யத்தக்கவை சில உண்டு. மேலாளர் ஒவ்வொருவரின் மதிப்பீட்டிலும் அவரிடம் கற்று உயர்ந்தவர்கள் எத்தனை பேர், வெளியே சென்று உயர்ந்தவர்கள் உள்பட, என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். முக்கியமான கூட்டம் ஒவ்வொன்றிலும் ஓர் இளையவருக்கு நாற்காலி ஒதுக்கலாம். தோற்றாலும் நிறுவனம் தள்ளாடாத சிறு பணிகளை 'நண்பகல் கச்சேரி'யாக இளையோர் பொறுப்பில் விடலாம். ஒரே தொழிலைச் சேர்ந்த நிறுவனங்கள் கூடி, பயிற்சிச் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளலாம். விலகிச் செல்பவரைத் துரோகியாகக் கருதாமல், வாழ்த்தி அனுப்பி, திரும்பி வரக் கதவைத் திறந்து வைக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

என் மாணவரிடம் இறுதியில் ஒரு கேள்வி கேட்டேன்: 'உனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார்?' தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய முதல் நிறுவனத்தில் பட்டறைப் பொறுப்பாளராக இருந்தவராம். அந்த நிறுவனத்தை விட்டு மூன்றே ஆண்டுகளில் வந்துவிட்டதாகவும் சொன்னார். சொன்ன பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இன்று மேடையின் நடுவே அமர்ந்திருக்கும் எவரும் ஒரு காலத்தில் எவரோ ஒருவரின் பின்னால் அமர்ந்திருந்தவரே. அந்த இடத்தை நமக்குக் கொடுத்தவர்கள், நாம் அவர்களிடமே இருந்துவிடுவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கவில்லை. அந்தக் கடனை அவர்களிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. அடுத்து வருபவருக்குத்தான் செலுத்த முடியும். நமக்குப் பின்னால் இன்று எவரேனும் அமர்ந்திருக்கிறாரா என்பதைத் தொழில் துறைத் தலைவர்கள் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.